இ-ஃபைலிங் செய்யும் முன் ஆவணத்தில் எதை மறைப்பது, எப்படி மறைப்பது: டெல்டா கோர்ட்டுகளுக்கான முழுமையான வழிகாட்டி

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட நீதிமன்றங்களில் வழக்கு தாக்கல் செய்யும் புது வக்கீல்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும், வக்கீல் வைக்காமல் தானே வழக்கு நடத்துபவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இ-ஃபைலிங் போர்ட்டலில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை அங்கே உள்ள கையேடே சொல்லிவிடும். புதியவர்கள் தடுமாறுவது அதற்கு முந்தைய வேலையில்.

தாளாக இருந்த வரைக்கும் கட்சிக்காரரின் ஆதார் நகலும் பாஸ்புக் நகலும் கேஸ் கட்டுக்குள் கிடந்தன. யாராவது பார்க்க வேண்டுமென்றால் நகல் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். இப்போது அதே கட்டு பி.டி.எஃப். ஆகி எதிர்த்தரப்பு வக்கீலின் போனுக்குப் போகிறது. அங்கிருந்து அவருடைய கட்சிக்காரரின் வாட்ஸ்அப்புக்கும், அவர் உறவினர்களின் குரூப்புக்கும் போக ஒரு மாலைப்பொழுது போதும்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. பிராதில், அதாவது வழக்கைத் தொடங்கும் மனுவில், நீங்கள் எழுதும் வாசகத்தை நீதிபதி உத்தரவில் எடுத்தெழுதுவார். உத்தரவு இ-கோர்ட்ஸ் தளத்தில் ஏறும், தனியார் சட்டத் தளங்கள் அதை எடுத்துக்கொள்ளும், பெயரைப் போட்டுத் தேடினால் கூகுளில் வரும். அதனால் மறைக்கும் வேலை ஸ்கேனரில் தொடங்குவதில்லை. கட்சிக்காரர் பையைத் திறக்கும்போதே தொடங்குகிறது. கீழே உள்ள படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். மாற்றிச் செய்தால் செய்ததையே மறுபடி செய்ய வேண்டிவரும்.

1. எந்த நீதிமன்றம், எந்தத் தாள்

டெல்டாவில் மாவட்ட எல்லை தாண்டினால் மேல்முறையீட்டுப் பாதையே மாறிவிடும். தஞ்சாவூர் மாவட்ட வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனால் மதுரைக் கிளை. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வழக்குகளுக்குச் சென்னை. கும்பகோணத்துக்காரர் மதுரைக்கும், பக்கத்திலேயே இருக்கும் வலங்கைமான்காரர் சென்னைக்கும் பஸ் ஏறுவார்கள். போர்ட்டலில் மாவட்டத்தையும் நீதிமன்றத்தையும் தேர்வு செய்யும் இடத்தில் பழக்கதோஷத்தில் பக்கத்து மாவட்டத்தைச் சொடுக்கினால், உங்கள் கட்சிக்காரரின் ஆவணங்கள் சம்பந்தமே இல்லாத ஓர் அலுவலகத்தின் திரையில் போய் நிற்கும்.

குத்தகை பாக்கி, குத்தகைதாரரை வெளியேற்றும் மனு போன்றவை 1955-ஆம் ஆண்டு தமிழ்நாடு பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அவை வருவாய் நீதிமன்றத்தின் வேலை. முன்சீப் கோர்ட் பட்டியலில் தேட வேண்டாம்.

தாள் அளவையும் இப்போதே முடிவு செய்யுங்கள். உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரல் 1 முதல் ஏ4 தாளில் இருபக்கமும் அச்சிடும் முறைக்கு மாறியது. எழுத்தளவு 14, வரி இடைவெளி 1.5, இடமும் வலமும் 4 செ.மீ., மேலும் கீழும் 2 செ.மீ. ஓரம், தாள் குறைந்தது 75 ஜி.எஸ்.எம். என்று கணக்கு. இது உச்ச நீதிமன்றத்துக்கான அளவு. நீங்கள் தாக்கல் செய்யும் நீதிமன்றத்தின் சுற்றறிக்கையையும் நடைமுறையையும் சிரஸ்தாரிடம் (நீதிமன்ற அலுவலகத்தின் தலைமை எழுத்தர்) கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இதை ஏன் முதலிலேயே செய்ய வேண்டும்? அலுவலகத்தில் உள்ள பழைய மாதிரிப் படிவங்கள் பல லீகல் அளவில் அமைத்தவை. பிராது முடிந்த பிறகு ஏ4-க்கு மாற்றினால் பக்க எண்கள் நகரும், அட்டவணை பொருந்தாது, கட்டு ரிட்டர்ன் ஆகும், அதாவது குறை சொல்லித் திருப்பி அனுப்புவார்கள்.

2. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

300 டி.பி.ஐ. தரத்தில் எடுக்கும் தட்டை ஸ்கேனர். யூனிகோட் தமிழ் எழுத்துரு. இணையம் இல்லாமல் கணினியிலேயே ஓடும் பி.டி.எஃப். மென்பொருள், லிப்ரே ஆபீஸ் ட்ராவில் உள்ள ரிடாக்ட் வசதி இலவசம், நமக்குப் போதும். கறுப்பு மார்க்கர், வெள்ளைக் காகிதத் துண்டு, ஒட்ட டேப். தடித்த உறை, அரக்கு. வக்கீலின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், அல்லது ஆதார் ஓ.டி.பி. வரும் அவருடைய போன். பிறகு ஒரு நோட்டு. எந்தப் பக்கத்தில் எதை மறைத்தோம் என்பதை அதில் எழுதப் போகிறோம்.

இணையத்தில் இலவசமாக பி.டி.எஃப். சேர்த்துத் தரும், சுருக்கித் தரும் தளங்களைப் பயன்படுத்தாதீர்கள். கட்சிக்காரரின் முழு ஆவணத்தையும் முகம் தெரியாத ஒருவரின் சர்வரில் ஏற்றிவிட்டு, பிறகு நான்கு இலக்கத்தை மறைப்பதில் அர்த்தமில்லை.

கோர்ட் வாசல் பிரவுசிங் சென்டரும் அப்படித்தான். அங்கே ஸ்கேன் செய்தால் ஃபைல் அந்தக் கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் தங்கும்; அடுத்து வருபவர் தன் ஃபைலைத் தேடும்போது உங்களுடையதும் கண்ணில் படும். வேறு வழியில்லை என்றால் முடித்ததும் ஃபைலை அழியுங்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள், வாட்ஸ்அப் வெப்பிலிருந்து வெளியேறுங்கள். நீதிமன்ற வளாகத்தில் இ-சேவா மையம் இருந்தால் அதுவே மேல். தாக்கல் செய்வதற்கு உதவத்தான் அவை இருக்கின்றன.

3. கட்சிக்காரர் எதிரில் இருக்கும்போதே கட்டுப் பிரியுங்கள்

கட்சிக்காரர் பெரும்பாலும் மஞ்சள் பையோடு வருவார். பத்திரம், பட்டா, நில வரி ரசீது, ரேஷன் கார்டு, பேரப்பிள்ளையின் மாற்றுச் சான்றிதழ், இறந்துபோன அப்பாவின் ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் அதில் இருக்கும். ‘எதுக்கும் இருக்கட்டும் சார்’ என்று மொத்தத்தையும் கொடுப்பார். புதிய குமாஸ்தா எல்லாவற்றையும் வாங்கி எல்லாவற்றையும் ஸ்கேன் செய்வார். பெரும்பாலான சிக்கல் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

மேஜையில் நான்காகப் பிரியுங்கள்.

முதல் கட்டு, கோர்ட்டுக்குத் தேவை, எதிர்த்தரப்பு பார்ப்பதிலும் தடையில்லை: கிரயப் பத்திரம், பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, வக்கீல் நோட்டீஸ், தபால் ரசீது.

இரண்டாவது, ஆவணம் தேவை, அதில் ஒரு பகுதி தேவையில்லை: ஆதார், பாஸ்புக், சம்பளச் சீட்டு, பத்திரத்தில் அடையாள எண்ணும் கைரேகையும் உள்ள பக்கங்கள்.

மூன்றாவது, முழுதாகவே தேவை, ஆனால் நீதிபதியைத் தவிர யாரும் பார்க்கக் கூடாது: குழந்தையை அடையாளம் காட்டும் தாள்கள், சில மருத்துவ ஆவணங்கள், கணவரிடமிருந்து தப்பி வந்த பெண் தங்கியிருக்கும் முகவரி.

நான்காவது கட்டுக்கு வழக்கில் வேலையே இல்லை. அதை அப்போதே பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அலுவலகத்தில் வைத்துக்கொண்டால் அடுத்த ஜூனியர் ஏதோ முக்கியம் என்று நினைத்து ஸ்கேன் செய்துவிடுவார்.

கட்சிக்காரர் எதிரில் இருக்கும்போது செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாஸ்புக்கின் ஓரத்தில் பேனாவால் எழுதியிருக்கும் எண் அவருடையதா, மருமகளுடையதா, ஏ.டி.எம். ரகசிய எண்ணா என்பது அவருக்குத்தான் தெரியும்.

நம் பக்கத்தில் அடிக்கடி வரும் ஒன்றைச் சொல்கிறேன். பயிர்க் காப்பீடு கிடைக்காத விவசாயி, அதே வருவாய்க் கிராமத்தில் மற்றவர்களுக்குக் கிடைத்தது என்று காட்ட, கூட்டுறவுக் கடன் சங்கத்திலிருந்து ஒரு பட்டியலின் ஜெராக்ஸ் கொண்டுவருவார். அதில் ஊரில் உள்ள அத்தனை பேரின் பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு, தொகை எல்லாம் இருக்கும். வழக்குக்கு வேண்டியது கிராமத்தின் பெயரும், பயிரும், தொகை கொடுக்கப்பட்டது என்ற விவரமும். மற்றவர்களின் கணக்கு எண்ணை இணையத்தில் ஏற்ற அவர்கள் உங்களிடம் வக்காலத்துக் கொடுக்கவில்லை. அந்தப் பட்டியல் இரண்டாவது கட்டுக்குப் போக வேண்டியது.

கூட்டுப் பட்டாவும் அப்படித்தானே என்று கேட்பார்கள். இல்லை. கூட்டுப் பட்டாவில் உள்ள மற்ற பெயர்கள் பாகப்பிரிவினை வழக்கில் கட்சிக்காரர்களாகவே வரக்கூடும். அதைத் தொடாதீர்கள்.

4. மறைக்கவே கூடாதவை

மறைக்கச் சொல்லிக் கொடுத்தால் சிலர் உற்சாகத்தில் சர்வே எண்ணையும் மறைத்துவிடுகிறார்கள். அசையாச் சொத்து வழக்கில் சொத்தை அடையாளம் காணும் விவரம் பிராதில் இருக்க வேண்டும் என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 7 ரூல் 3. எல்லையோ சர்வே எண்ணோ இருந்தால் அதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். நான்கெல்லையில் பக்கத்து நிலக்காரர் பெயர் வரும். வரட்டும்.

பழைய பத்திரத்தில் அளவு மா, குழி என்று இருந்தால் அதை அப்படியே எழுதி, பக்கத்தில் ஏக்கர், செண்டுக் கணக்கையும் கொடுங்கள். மூன்று மா ஓர் ஏக்கர் என்று நமக்குத் தெரியும். வேறு வட்டாரத்திலிருந்து மாற்றலாகி வந்த நீதிபதிக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

செக் மோசடி வழக்கில் செக் எண்ணையும், செக் எந்தக் கணக்கிலிருந்து கொடுக்கப்பட்டதோ அந்தக் கணக்கு எண்ணையும் மறைக்காதீர்கள். வழக்கே அதன் மேல்தான் நிற்கிறது. கையெழுத்தே சர்ச்சை என்றால் கையெழுத்தை மறைக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மூல ஆவணத்தின் மேல் எதையும் செய்யாதீர்கள். மார்க்கரோ வெள்ளை மையோ பென்சிலோ எதுவும் வேண்டாம். மறைப்பதெல்லாம் நகலில். மூலத்தில் கை வைத்தால் அது ஆவணத்தைத் திருத்தியதாகிவிடும். இ-ஃபைலிங் செய்தாலும் மூலத்தை நீதிமன்றம் கேட்கும்போது காட்ட வேண்டும் என்பதால் பத்திரமாக வைத்திருங்கள்.

5. பிராதை எழுதும்போது

ஆவணத்தில் மறைத்துவிட்டு அதே தகவலைப் பிராதின் மூன்றாவது பத்தியில் வார்த்தையால் எழுதிவைப்பது அடிக்கடி நடக்கிறது. ‘வாதியின் கணக்கு எண் இன்னதிலிருந்து’ என்று எழுதாமல் ‘ஆவணம் 4-இல் கண்ட, 3391 என்று முடியும் கணக்கிலிருந்து’ என்று எழுதுங்கள். அர்த்தம் கெடாது. நீதிபதி இந்த வரியை உத்தரவில் எடுத்தெழுதினாலும் கவலையில்லை.

கட்சிக்காரர் விவரத்தில் பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், வயது, முகவரி போதும். சாதியோ மதமோ வேண்டாம். வழக்கின் கட்சிக்காரர் பட்டியலில் அவற்றைக் குறிப்பிடக் கூடாது என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் எல்லா நீதிமன்றங்களுக்கும் சேர்த்து உத்தரவிட்டது. பழைய பத்திரத்தைப் பார்த்து எழுதும்போது பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டம் தானாகவே பிராதுக்குள் வந்துவிடும், கவனம். பத்திரத்தில் இருப்பது அங்கேயே இருக்கட்டும். ஆளை அடையாளம் காட்ட அது தேவைப்பட்டால், பத்திரத்தைப் பற்றிப் பேசும் பத்தியில் மட்டும் அதில் உள்ளபடி எழுதலாம்.

போன் எண்ணும் இ-மெயிலும் போர்ட்டலில் அதற்கான கட்டத்தில் போனால் போதும். பிராதின் தலைப்பில் அச்சடிக்க வேண்டாம். முகவரி தெரிந்தாலே ஆபத்து என்றால், வக்கீல் அலுவலக முகவரி வழியாக நோட்டீஸ் பெற அனுமதி கேட்டு ஓர் ஐ.ஏ. (இடைக்கால மனு) போடுங்கள். அனுமதி கேட்காமல் முகவரியை விட்டுவிட்டால் கட்டு ரிட்டர்ன் ஆகிவிடும்.

எழுத்துரு விஷயத்துக்கு வருகிறேன். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ், திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே ஆங்கில எழுத்துக் கோவைதான். அதில் ஒரு பெயரைத் தேடினால் கிடைக்காது. கடைசியில் ‘மறைக்க வேண்டிய பெயர் எங்காவது மிச்சம் இருக்கிறதா’ என்று தேடிப் பார்க்கப் போகிறோம். பாமினியில் அடித்திருந்தால் அந்தச் சோதனை எப்போதும் ‘இல்லை’ என்றே பொய் சொல்லும். யூனிகோடில் அடியுங்கள்; பழைய மாதிரிப் படிவம் வேண்டுமானால் எழுத்துரு மாற்றும் மென்பொருள் மூலம் யூனிகோடுக்குக் கொண்டுவந்து, ஒரு தடவை வாசித்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

6. மறைக்கும் வேலை

இதற்கு நேரம் ஒதுக்குங்கள். கடைசி நாள் மாலை செய்கிற வேலை இல்லை இது.

தாளில் செய்வதானால்: மூலத்தை ஜெராக்ஸ் எடுங்கள். ஜெராக்ஸில் மறைக்க வேண்டிய இடத்தின் மேல் காகிதத் துண்டை ஒட்டி, அதன் மேல் ‘மறைக்கப்பட்டது’ என்று எழுதுங்கள். பிறகு அதை இன்னொரு தடவை ஜெராக்ஸ் எடுத்து, அந்த இரண்டாவது நகலை ஸ்கேன் செய்யுங்கள். மார்க்கரால் அடித்த நகலை நேராக ஸ்கேன் செய்தால், வெளிச்சத்தைக் கூட்டிப் பார்க்கும்போது அச்சு எண் மையின் அடியில் பளபளப்பாகத் தெரிந்துவிடுவதுண்டு. இரண்டாவது ஜெராக்ஸ் அந்த வித்தியாசத்தை அழித்துவிடும். வெள்ளையாக விட்டுவிடாமல் ‘மறைக்கப்பட்டது’ என்று எழுதச் சொல்வது ஏனென்றால், காலி இடத்தைப் பார்த்தால் எதிர்த்தரப்பு ‘ஆவணத்தையே திருத்திவிட்டார்கள்’ என்று கிளப்பும்.

கணினியில் செய்வதானால் பிழை இங்கேதான் அதிகம். வேர்டிலோ பி.டி.எஃப்.பிலோ எண்ணின் மேல் ஒரு கறுப்புப் பெட்டியை வரைந்துவிட்டு முடிந்தது என்று நினைக்கிறார்கள். பெட்டி வெறும் மூடிதான், எழுத்து அடியில் அப்படியே இருக்கும். யாராவது அந்த வரியைத் தேர்வு செய்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினால் முழு எண்ணும் வந்துவிடும். ரிடாக்ட் என்ற வசதி எழுத்தையே நீக்குகிறது. அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

வேர்டில் படத்தை வெட்டிச் சிறிதாக்குவதும் இதே கதை. வெட்டிய பகுதி ஃபைலுக்குள்ளேயே கிடக்கும், யாரும் இழுத்து விரிக்கலாம். படத்தை வெளியே தனியாக வெட்டி, அதன் பிறகு உள்ளே ஒட்டுங்கள்.

ஆதார் நகலில் எண்ணை மட்டும் மறைத்தால் போதாது. ஆதார் எண்ணுக்குப் பதிலாகப் பயன்படும் 16 இலக்க வி.ஐ.டி. எண் இருக்கும், பின்பக்கமும் எண் இருக்கும், கியூ.ஆர். கட்டமும் இருக்கும். கியூ.ஆரை ஸ்கேன் செய்தால் பெயர், பிறந்த தேதி, முகவரி வரும். எல்லாவற்றையும் மறைக்க வேண்டும். இவ்வளவு வேலைக்குப் பதில், ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கட்சிக்காரரின் ஓ.டி.பி. கொண்டு இறக்கிக்கொள்ளலாம். அதிலும் கியூ.ஆர். இருக்கும், அதையும், வி.ஐ.டி. எண் இருந்தால் அதையும் மறைத்தால் போதும். ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடக் கூடாது என்று ஆதார் சட்டத்தின் 29(4) பிரிவே சொல்கிறது. மறைப்பதற்குக் காரணம் கேட்டால் அதைக் காட்டுங்கள்.

பத்திரப் பதிவு நகலில் விற்றவர், வாங்கியவர், சாட்சிகள் ஆகியோரின் அடையாள எண்ணும் புகைப்படமும் கைரேகையும் உள்ள பக்கங்களைத் தனியாகப் பாருங்கள். பதிவு ஆவணங்களிலிருந்து கைரேகையை நகலெடுத்து ஆதார் வழியாகப் பணம் எடுத்த மோசடிகள் பல மாநிலங்களில் வழக்காகியிருக்கின்றன. கைரேகையே சர்ச்சையாக இல்லாத வழக்கில் அதை ஏற்ற வேண்டிய தேவை இல்லை.

கண்ணுக்குத் தெரியாதது இன்னொன்று உண்டு. ஃபைலின் பண்புகளைத் திறந்து பாருங்கள். பழைய வழக்கின் பிராதை எடுத்துத் திருத்தித்தான் நாம் எல்லோரும் புதுப் பிராது தயாரிக்கிறோம். அப்படிச் செய்யும்போது தலைப்பு என்ற இடத்தில் முந்தைய கட்சிக்காரரின் பெயர் ஒட்டிக்கொண்டு வரும். பி.டி.எஃப்.பைத் திறந்தால் ஜன்னலின் மேல்பட்டையில் அந்தப் பெயரே தெரியும். மன்னார்குடி விவாகரத்து மனுவின் பெயரோடு பட்டுக்கோட்டை வரப்புத் தகராறு போய்ச் சேரும். திருத்தத் தடங்களும் சீனியர் ஓரத்தில் எழுதிய குறிப்புகளும் அதேபோல உள்ளே தங்கும். பி.டி.எஃப். ஆக்கும் முன் இவற்றை நீக்குங்கள்.

ஒவ்வொன்றையும் மறைத்ததும் நோட்டில் எழுதுங்கள்: ஆவண எண், பக்கம், மறைத்தது என்ன, ஏன். இதை ஒரு பக்கமாக அடித்து, ‘மறைக்கப்படாத மூலம் நீதிமன்றம் கேட்கும்போது காட்டப்படும்’ என்ற வரியோடு ஆவணப் பட்டியலுக்குப் பின்னால் வையுங்கள். ‘எதையோ ஒளிக்கிறார்கள்’ என்ற வாதம் வரும்போது இந்த ஒரு பக்கம் போதும்.

7. ஸ்கேன், ஓ.சி.ஆர்., புக்மார்க்

ஓ.சி.ஆர். என்பது ஸ்கேன் படத்தில் உள்ள எழுத்தைப் படித்து, தேடக்கூடிய எழுத்தாக்கும் வசதி. தாளில் மறைப்பதானால் மறைத்த பிறகுதான் ஸ்கேன்; தாளிலோ கணினியிலோ, மறைத்த பிறகுதான் ஓ.சி.ஆர். மாற்றிச் செய்தால், ஓ.சி.ஆர். படித்த எழுத்து படத்துக்குப் பின்னால் ஓர் அடுக்காக உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் மேலே படத்தில் மறைத்தாலும் அடுக்கில் முழு எண் இருக்கும்.

300 டி.பி.ஐ. போதும். பழைய முத்திரைத்தாள் பத்திரங்களைக் கறுப்பு-வெள்ளையில் எடுக்காமல் சாம்பல் நிற அமைப்பில் எடுங்கள், இல்லையென்றால் சார்பதிவாளர் முத்திரை வெறும் கறையாகிவிடும். பக்க எண் தொடர்ச்சியாக இருக்கட்டும். ஒவ்வோர் ஆவணத்துக்கும் புக்மார்க் வையுங்கள். ஃபைல் பெயரில் கட்சிக்காரர் பெயரோ போன் எண்ணோ வேண்டாம்.

பிறகு சோதனை. ஃபைலை முழுதாகத் தேர்வு செய்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். மறைத்த எண்ணின் ஒரு பகுதியைத் தேடுங்கள். வந்தால் 6-க்குத் திரும்புங்கள்.

8. தனிக் கவனம் வேண்டிய வழக்குகள்

பாலியல் குற்ற வழக்கு எதிலும், ஜாமீன் மனுவாக இருந்தாலும், பாதிக்கப்பட்டவரின் பெயரைத் தட்டச்சே செய்யாதீர்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த சட்டம்) 72-ஆவது பிரிவு அவருடைய அடையாளத்தை வெளியிடுவதை இரண்டு ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. அவர் பெயர் வெளிப்படும் ஆவணங்களை முடிந்தவரை மூடிய உறையில் வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் சொன்னது. பெயரை விட்டுவிட்டு ‘இன்ன தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவரின் இரண்டாவது மகள்’ என்று எழுதுவது பெயரை எழுதுவதற்குச் சமம். ஐந்நூறு வீடுள்ள கிராமத்தில் அதற்கு மேல் என்ன அடையாளம் வேண்டும்?

குழந்தைகள் என்றால் போக்சோ சட்டத்தின் 33(7), இளைஞர் நீதிச் சட்டத்தின் 74 ஆகிய பிரிவுகள் அடையாளத்தைக் காக்கின்றன. பள்ளியின் பெயரும் அடையாளம்தான்.

எச்.ஐ.வி. தொடர்பான வழக்கில் புனைபெயரில் நடத்தவும், மூடிய அறையில் விசாரிக்கவும் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-ஆவது பிரிவில் கேட்கலாம். வழக்கு எண் ஆன பிறகு கேட்பதில் பயன் குறைவு. பெயர் ஏற்கெனவே இ-கோர்ட்ஸ் தளத்தின் கேஸ் ஸ்டேட்டஸ் (வழக்கு நிலை) பக்கத்தில் வந்திருக்கும். பிராதோடு சேர்த்தே மனுப் போடுங்கள்.

ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம் பற்றிய பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த படிவம் இருக்கிறது. அதில் கேட்கும் தொகையை மறைக்க முடியாது, மறைத்தால் பொய்யாகிவிடும். ஆனால் அதோடு ஏ.டி.எம். கார்டு நகல், நெட் பேங்கிங் ஸ்கிரீன்ஷாட், கஸ்டமர் ஐ.டி. உள்ள தாள் இவற்றை வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

விபத்து இழப்பீட்டு மனுக்களில் ஆஸ்பத்திரிக் கோப்பை முழுசாக ஏற்றும் பழக்கம் இருக்கிறது. கால் முறிந்ததை நிரூபிக்க, அந்தப் பெண்ணின் பழைய கருக்கலைப்புக் குறிப்பு எதற்கு? காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், ஊனச் சான்று போதும். டிஸ்சார்ஜ் சம்மரியில் பழைய நோய் வரலாறு என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். ஒன்று மட்டும்: அந்தப் பழைய நோயே இழப்பீட்டைக் குறைக்கக்கூடியது என்றால் அதை மறைப்பது கோர்ட்டிடம் ஒளிப்பது. சந்தேகம் இருந்தால் சீனியரைக் கேட்காமல் மார்க்கரை எடுக்காதீர்கள்.

9. வாட்ஸ்அப், சி.சி.டி.வி., குரல் பதிவு

மின்னணுச் சாட்சியத்தோடு வைக்கும் சான்று, 2024 ஜூலை 1 முதல், பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றுக்குப் பதில் பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவுச் சான்று. அட்டவணையில் உள்ள படிவத்தில் பகுதி அ, பகுதி ஆ இரண்டையும் நிரப்ப வேண்டும், ஹாஷ் மதிப்பையும் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணினி கணக்கிட்டுத் தரும் அடையாளக் குறியீடு) எழுத வேண்டும்.

புதியவர்கள் இடறுவது ஹாஷில். ஸ்கிரீன்ஷாட்டில் ஒரு போன் எண்ணை மறைத்தாலே ஃபைல் மாறிவிடும், ஹாஷும் மாறிவிடும். அதனால் முதலில் மூல ஃபைலுக்கு ஹாஷ் எடுத்துச் சான்று தயாரியுங்கள். மூலத்தைத் தனியாகப் பூட்டி வையுங்கள். பிறகு ஒரு நகலில் மறைத்து, ‘மறைக்கப்பட்ட நகல்’ என்று தலைப்பிட்டு ஏற்றுங்கள். மறைத்த நகலுக்கு ஹாஷ் எடுத்து மூலத்தின் சான்றில் எழுதினால் குறுக்கு விசாரணையில் சான்றே விழும்.

குரூப் உரையாடல் என்றால் சம்பந்தப்பட்ட செய்திகளோடு முன்னும் பின்னும் கொஞ்சம் விட்டு எடுங்கள். மற்ற உறுப்பினர்களின் எண்ணையும் முகப்புப் படத்தையும் மறையுங்கள்.

10. ஏற்றுவது

வக்கீலின் லாகினையும் ஓ.டி.பி.யையும் அலுவலகம் முழுக்கப் பகிராதீர்கள். அந்த லாகினில் அவருடைய எல்லாக் கட்சிக்காரர்களின் வழக்கும் இருக்கிறது. கையெழுத்துப் போடும் நேரத்தில் அவர் பக்கத்தில் உட்காரட்டும், ஓ.டி.பி.யை அவரே அடிக்கட்டும்.

மூன்றாவது கட்டை ஏற்ற வேண்டாம். அதற்குப் பதில் ‘ஆவணம் 7, மூடிய உறையில் தாக்கல் செய்யப்படுகிறது’ என்று ஒரு பக்கம் வைத்து, அனுமதி கேட்கும் மனுவை ஏற்றுங்கள். உறையை நேரில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். உறையின் மேல் வழக்கு விவரம், ஆவண எண், பக்க எண்ணிக்கை மட்டும் போதும். உள்ளே என்ன நோய் என்று வெளியே எழுதியிருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

ஏற்றியதும் வருவது இ-ஃபைலிங் எண். அது வழக்கு எண் இல்லை. பரிசீலனை முடிந்த பிறகுதான் பதிவு எண்ணும் வழக்கை இணையத்தில் தேட உதவும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணும் வரும். காலவரையறை முடியும் நாளின் இரவை நம்பாதீர்கள். மழைக்காலத்தில் நம் பக்கம் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அவசரத்தில் ஏற்றும் ஃபைல் பெரும்பாலும் மறைக்காத ஃபைலாகத்தான் இருக்கும்.

அதைத் தவிர்க்க, மறைத்தவற்றை ஒரு தனி ஃபோல்டரில் வையுங்கள். ஏற்றும் கணினியில் அந்த ஃபோல்டர் மட்டுமே இருக்கட்டும்.

11. ரிட்டர்ன் வந்தால்

ரிட்டர்ன் குறிப்பில் ‘ஆவணம் தெளிவாக இல்லை’ என்று இருந்தால், பல பேர் மறைக்காத மூலத்தை எடுத்து ஏற்றிவிடுகிறார்கள். அது மறைப்பைப் பற்றிய ஆட்சேபணையா, ஸ்கேன் தரத்தைப் பற்றியதா என்று முதலில் கேளுங்கள். தரம் என்றால் மறைத்த நகலை மறுபடி நன்றாக ஸ்கேன் செய்யுங்கள். மறைப்பு என்றால் நோட்டில் எழுதிய அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அதற்கும் ஒப்பவில்லை என்றால் பெஞ்சில் கேட்டு உத்தரவு வாங்குங்கள், கவுன்டரில் சண்டை வேண்டாம். கொடுத்த அவகாசத்துக்குள் மறுபடி தாக்கல் செய்யாவிட்டால் தாமதத்தை மன்னிக்க ஒரு மனுவும் சேர்ந்துவிடும்.

12. ஏற்றிய பிறகு தவறு தெரிந்தால்

வழக்கு எண் ஆன அன்றே, ஏற்றிய ஃபைலை உங்கள் கணக்கிலிருந்து இறக்கி, நோட்பேடில் ஒட்டும் சோதனையை மறுபடி செய்யுங்கள். கேஸ் ஸ்டேட்டஸில் கட்சிக்காரர் பெயர் எப்படி வந்திருக்கிறது என்றும் பாருங்கள்.

மறைக்க வேண்டியது தெரிந்தால் இன்னொரு ஃபைலைக் கூடுதலாக ஏற்றி விட்டுவிடாதீர்கள். பழையது அங்கேயே இருக்கும், இரண்டையும் ஒப்பிட்டால் மறைத்தது எது என்று பளிச்சென்று தெரியும். பழையதை நீக்கிப் புதியதை வைக்கவும், அதுவரை பழையதன் நகலை யாருக்கும் தராமல் இருக்கவும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 151-ஆவது பிரிவில் மனுப் போடுங்கள். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நகல் போயிருந்தால் போனில் சொல்லிவிட்டு எழுத்திலும் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் ஒத்துழைப்பார்கள், நாளை அவர்களுக்கும் இதே தேவை வரும்.

உத்தரவில் பெயர் வரக் கூடாது என்றால், உத்தரவு வரும் முன்பே கேளுங்கள். வந்த பிறகு இணையத்திலிருந்து எடுக்க வைப்பது பெரும்பாடு. குற்ற வழக்கில் விடுதலையான ஒருவரின் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்கவும், அதை ஒரு சட்டத் தளத்திலிருந்து நீக்கவும் 2024 பிப்ரவரியில் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை கொடுத்தது. வாதம் நடக்கும் நாளிலேயே, உத்தரவில் பெயருக்குப் பதில் முதலெழுத்தைப் போட வேண்டும் என்று ஒரு மெமோ கொடுத்து, அது பதிவானதா என்று பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்டுவிட்டு வெளியே வாருங்கள்.